கோட்டை வாசலில் என்னை முன்னால் போகச் சொன்ன அண்ணாச்சிக்கு

அன்பும் கோபமும் பிரித்தெடுக்க முடியாமல் கிடக்கும் என் மனதிலிருந்து, அண்ணாச்சி, உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எம். புதுப்பட்டிக்கு மேற்கே இருக்கும் மண்கோட்டையில் நான் புதையல் எடுத்துவிட்டேன் என்று விஸ்வநத்தத்தில் தொடங்கி விருதுநகர் வரை பேசுகிறார்கள். குடம் நிறையப் பொற்காசு என்கிறார்கள் சிலர். தங்கத்தில் வார்த்த பாம்பு என்கிறார்கள் சிலர். நான் எதையும் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. பத்து வருஷம் கோட்டை கோட்டையாகச் சுற்றியதில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது சேலைக் கரையில் ஒட்டிய நாயுருவியும் காலில் தைத்த கருவேல முள்ளும்தான்.

உங்கள் முதல் வருஷ நினைவு நாளுக்காக நம் ஊர் வாசகசாலைக்காரர்கள் ஒரு சிறு மலர் போடுகிறார்கள். சிவகாசியில் அச்சாகிறது. தங்கை என்ற முறையில் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்லதாக வருமா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் வீட்டுக்காரர் காலமானபோது எனக்கு இருபத்தொன்பது வயது. பிள்ளை இல்லை. நீங்கள் வந்து என்னையும் என் பெட்டியையும் வண்டியில் ஏற்றி உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். சின்ன வயதில் நான் படித்த கான்வென்ட்டில் முதுகை நிமிர்த்தி நடக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கப் பழகிக்கொண்டேன். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது. விதைப்புக்கு விதை எடுத்துப் போகும்போது எதிரே வரக் கூடாது. யாராவது புதுக் கம்பெனிக்குப் பூஜை போட்டால் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு எனக்குக் கேசரி மட்டும் இலையில் மடித்து வரும். அவ்வளவுதான். அந்தக் கேசரியை நான் ஒரு நாளும் தின்றதில்லை. அது உங்களுக்குத் தெரியுமா?

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்று, "பார்வதி, கிளம்பு தாயி. ஒரு கோட்டையப் பாத்துட்டு வருவோம்" என்றீர்கள். எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மிளகாய் வற்றல் வியாபாரம் செய்யும் உங்கள் சிநேகிதர் மீரான் ராவுத்தருடைய கார் வெளியே நின்றது. அதில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை மூன்று பேரும் தும்மிக்கொண்டே போனோம்.

கோட்டை என்றால் எனக்குக் கான்வென்ட்டுப் புத்தகத்துப் படம்தான். சுற்றிலும் அகழி, அகழியில் அன்னம், சுவரெல்லாம் பச்சைக் கொடி. நாம் போய் இறங்கிய இடத்தில் மழையில் கரைந்த ஒரு மண்சுவர் இருந்தது. அதன் கொத்தளம், பீரங்கி நின்ற இடம், அந்த ஊர் ஆண்களுக்குக் காலைக்கடன் கழிக்கும் இடமாகியிருந்தது. கால் வைக்க இடமில்லை. ராணி குளித்தது என்று சொல்லப்பட்ட கல்தொட்டியில் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் வெள்ளிப் பொடி அப்பிய கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகும் எத்தனை இடங்கள். வௌவால் எச்சம் முழங்கால் உயரம் கிடந்த அரண்மனைக் கூடம். தூணில் செதுக்கிய பெண்ணின் முகத்தில் தாரால் கட்சிச் சின்னம் எழுதிய மண்டபம். கல்வெட்டின் மேல் உளி வைத்துத் தன் பெயரையும் இனிஷியலையும் வெட்டிவைத்த ஒரு புண்ணியவான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஏன் காத்திருந்தேன் என்பதை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எந்தக் கோட்டைக்குப் போனாலும் வாசலில் நீங்கள் ஒதுங்கி நிற்பீர்கள். "நீ முன்னால போ, பார்வதி" என்பீர்கள். ஊரில் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வரக் கூடாதவள் நான். அந்த இடிந்த வாசல்களில் மட்டும் என் அண்ணன் எனக்கு வழிவிட்டு நின்றார். உள்ளே போனதும் பழைய இங்கிலீஷ் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொல்வீர்கள். எந்தப் பாளையக்காரர், எந்தச் சண்டை, எத்தனை நாள் முற்றுகை என்று வாசித்துத் தமிழில் சொல்வேன். ராவுத்தர் வாயைத் திறந்துகொண்டு கேட்பார். படித்தவள் என்று என்னைக் கௌரவித்தீர்கள் என்று நினைத்தேன். பத்து வருஷம் அப்படித்தான் நினைத்தேன், அண்ணாச்சி.

உங்களுடைய கருமாதி முடிந்து மூன்று மாதம் இருக்கும். புதுப்பட்டிப் பக்கமிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் அந்தக் கோட்டையை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர். கையில் தாம்பாளம். அதில் வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. மதினியைக் கூப்பிட எழுந்தேன். இல்லை, உங்களைத்தான் பார்க்க வந்தோம் என்று என் முன்னால் தாம்பாளத்தை வைத்தார்.

வீட்டுக்காரர் போன பிறகான முப்பத்தைந்து வருஷத்தில் எனக்கென்று யாரும் தாம்பாளம் வைத்து அழைத்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

"நீங்க ஒரு மணி நேரம் வந்து நின்னாப் போதும்மா. வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"கோட்டைக்குள்ள குழி வெட்டிட்டோம். கல்லு தட்டுது. அதுக்கு மேல கடப்பாரை போட எவனும் வர மாட்டேங்கான். மொதக் கால நீங்க வச்சிட்டீகன்னா பயம் போயிரும்."

"அதுக்கு நான் எதுக்கு?"

அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "உங்க அண்ணாச்சி சொன்னதுதாம்மா. பொதையலுக்குக் காவல் கெடக்குறது புருசனையும் பிள்ளையையும்தான் காவு கேக்குமாம். உங்ககிட்டக் கேக்க என்ன இருக்குன்னு சொல்லுவாக. அதனாலதான் எந்தக் கோட்டைக்குப் போனாலும் உங்கள முன்னால விட்டுட்டு அவுக பின்னால போவாகளாம்."

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர்கள் தெரு முனை திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயமாக இருந்தது.

மறுநாள் ராவுத்தர் கடைக்குப் போனேன். விதவை தனியாகக் கடைவீதியில் நடக்கிறாள் என்று பார்த்தவர்கள் பார்க்கட்டும். மூட்டைகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்து, சுற்றி வளைத்து ஏதேதோ பேசினார். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொன்னாருதான் தங்கச்சி. டீக்கடையில வச்சு நாலு பேரு கேட்டாங்க. தாலியறுத்த பொம்பளையக் காருல ஏத்திக்கிட்டு ஞாயித்துக்கெளம தவறாம எங்க போறீகன்னு நக்கலாக் கேட்டாங்க. அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒருத்தனும் கேக்கல."

சிரித்துக்கொண்டா சொன்னார் என்று கேட்டேன்.

"சிரிச்சாரு. உங்க அண்ணன் எதுக்குத்தான் சிரிக்கல?"

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊர் வாயை மூட நீங்கள் சொன்ன பொய் அது என்று ராவுத்தர் நம்புகிறார். எனக்கும் நம்ப ஆசை. ஆனால் மதினியிடம் கேட்டபோது, கோட்டைக்குப் போகிற நாளில் நீங்கள் மடியில் எலுமிச்சம்பழம் முடிந்துகொண்டுதான் போவீர்கள் என்றார்கள். பத்து வருஷமும் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தது அவர்கள்தானாம். "அதுக்கென்ன இப்ப, உன்ன ஒரு கொறையும் வைக்காமத்தான பாத்துக்கிட்டாக" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்கள்.

உங்கள் மடியில் எலுமிச்சம்பழம். என் மடியில் என்ன இருந்தது, அண்ணாச்சி? ஒரு குடையும் ஒரு இங்கிலீஷ் புத்தகமும்.

நான் கணக்காக யோசித்துப் பார்த்தேன். நீங்கள் ஒரு நாளும் கடப்பாரையோ மண்வெட்டியோ கொண்டுவந்ததில்லை. புதையலுக்கு அலைகிறவன் வெறுங்கையோடு வருவானா? இது உங்கள் பக்கம். எனக்குக் காய்ச்சல் கண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களும் ராவுத்தரும் மட்டும் போனதே இல்லை. தங்கையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அது எந்தப் பக்கம்? தாரால் சின்னம் எழுதிய அந்த மண்டபத்தில் புதையல் கதை எதுவும் கிடையாது. அங்கே யார் முதலில் உள்ளே போனது? நீங்கள் போயிருந்தால் எனக்கு எல்லாம் தீர்ந்துவிடும். மழை பெய்தது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் என் குடையை வாங்கிப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. யார் முன்னால் போனது என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

அந்த வாரமே ராவுத்தரோடு புதுப்பட்டிக் கோட்டைக்குப் போனேன். குழியை மூடச் சொல்லத்தான் போனேன். ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன நினைப்பு எனக்கு. நாலு வார்த்தை கண்டித்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

நீங்களும் நானும் நின்று வாசித்த கூடத்தில் கிணறு மாதிரி வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் அறுத்துப் போட்ட கோழி இறகு, மிதிபட்ட எலுமிச்சம்பழம், குங்குமம், ஈ. வாசலின் கல்நிலையைத் தாங்கிய மண்ணையும் தோண்டியிருந்தார்கள். நான் வாசலைத் தாண்டி இரண்டு அடிதான் வைத்தேன். குழியருகே நின்ற ஒருவர், "அம்மா வந்துட்டாக, எறங்குங்கலே" என்றார். அது வரை பயந்து நின்ற அத்தனை பேரும் கடப்பாரையோடு குழிக்குள் இறங்கினார்கள். நிறுத்துங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். என் குரல் அவர்களுக்கு மந்திரம் மாதிரிதான் கேட்டிருக்கும். நான் பேசப் பேச வேகமாக வெட்டினார்கள். ராவுத்தர் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் கல்நிலை சரிந்து விழுந்தது. யாருக்கும் அடி படவில்லை. கோட்டைக்கு இப்போது வாசல் கிடையாது.

கல்லுக்குக் கீழே கல்தான் இருந்தது. அதற்குக் கீழே மண். வெட்டினவர்களுக்குத் தங்கள் முட்டாள்தனத்தை ஒத்துக்கொள்ள மனம் வருமா? அண்ணனும் தங்கையும் முன்னமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் நான் மேலே திருத்திய பேச்சு.

இருநூறு வருஷம் மழைக்கும் பீரங்கிக்கும் நின்ற வாசல் அது. அதை விழத்தட்டியது உங்கள் ஒரு வார்த்தையும் என் இரண்டு அடியும். டீக்கடையில் சொல்ல வேறு பொய்யே கிடைக்கவில்லையா? என் தங்கை படித்தவள், கோட்டை பார்க்கப் பிரியப்படுகிறாள், அதனால் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாமே. அதைச் சொல்ல உங்களுக்கு அத்தனை வெட்கமா? இல்லை, சொன்னதுதான் நிஜமா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் தாம்பாளத்தோடு வந்தாலும், யார் பல்லக்கோடு வந்தாலும், எவனுடைய குழிக்கும் நான் கால் வைக்க மாட்டேன். மீதி இருக்கும் கோட்டைகளில் எவனாவது கடப்பாரை வைத்தான் என்று கேள்விப்பட்டால், கிட்டப் போகாமல், தாசில்தாருக்கு மனு எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள். ஓயாமல் எழுதுவேன்.

மதினியின் கனவில் நீங்கள் அடிக்கடி வருவதாகச் சொல்கிறார்கள். பார்வதி மேல் எனக்குப் பிரியம்தான் என்று போன வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பினீர்களாம். அந்த மாதிரிச் சேதி எனக்கு வேண்டாம். மதினி நல்லவர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்ற எந்தக் கனவும் காண்பார்கள்.

என்னை எதற்காகக் கூட்டிப் போனீர்கள்? இதற்கு மட்டும் ஒரு வரி போதும். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
பார்வதி