சாகிபின் கல்லறை

மார்ச் 12, வியாழன்

கம்பெனியின் புது கேட் வரப்போகும் இடத்தில் சாகிபின் கல்லறை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ஜமீன்தார் அவர். ஏழைப் பெண்கள் படிக்கத் தன் நிலத்தில் விடுதி கட்டிக்கொடுத்தவர். நான் பட்டம் வாங்கியதே அந்த விடுதிச் சோற்றில்தான்.

இன்று கல்லின் மேல் சர்க்கரை சிந்தியிருந்தது. பரீட்சைக்குப் போகும் விடுதிப் பெண்கள் ஹால் டிக்கெட்டை அங்கே வைத்து எடுத்து, சர்க்கரை தூவிவிட்டுப் போவார்கள். நானும் செய்திருக்கிறேன்.

"எறும்புக்கு யாரோ விருந்து வச்சிருக்காங்க சார்" என்று இடம் பார்க்க வந்த மேனேஜரிடம் சூப்பர்வைசர் சிரித்தார்.

மேனேஜர் என்னிடம் கேட்டார். "நீ இந்தப் பக்கத்துப் பொண்ணுதானேம்மா? இது யாருது?"

"தெரியல சார்."

"அப்ப கேக்க ஆளில்ல. திங்கக்கிழமை ஜேசிபி வரட்டும்."

போனில் "தெரியும் சார்" என்று அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பினால், முதலில் ஏன் தெரியாது என்றாய் என்று கேட்பார். நான் இலவச விடுதிப் பெண் என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. சாகிப் போட்ட சோற்றைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு வெட்கம்?