என் பேரே இருக்கட்டும்

பிப்ரவரி 9

காலையில் நல்ல பனி. வாணியம்பாடியிலேயே இப்படி என்றால் மலை மேல் எப்படியோ. ஸ்வெட்டர், தைலம், மூக்குக்கண்ணாடி, அச்சுக்குப் போகப்போகிற தாள்கள். எல்லாம் பைக்குள்.

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் போன். ஜவ்வாது மலைப் பெண்கள் புத்தகம் பற்றி. "எல்லார் பேரையும் மாத்திடுங்க மேடம். நாளைக்கு யாராவது வக்கீல் நோட்டீஸ் விட்டா?" அவருக்குப் பயம் வெள்ளச்சி அத்தியாயம்தான். அவர் சொல்வதும் நியாயம்.

வெள்ளச்சி. ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊர். கணவர் இல்லை. சாமை போடுகிறாள். முன்பு, பதினான்கு வயது மகளை அண்ணன் மகனுக்குக் கட்டிவைக்கப் பந்தலே போட்டாயிற்று. குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டு நிறுத்தினாள். அதற்காக ஊர் அவளைத் தள்ளி வைத்தது. பேச்சு கிடையாது, பொதுக் குழாயில் தண்ணீர் கிடையாது, நல்லது கெட்டதுக்கு அழைப்பு கிடையாது. பல வருடம். இப்போதுதான் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். மகள் வேலூரில் நர்ஸ்.

'மல்லிகா' என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். வேறு யார் கதையோ போல. எப்படியும் அச்சுக்கு முன் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நாளை பயணம்.

என் வீட்டுக்காரர்: "தேன் கிடைச்சா வாங்கியா. சர்க்கரைப்பாகு இல்லாததா பாரு."

பிப்ரவரி 10

ஆலங்காயத்தில் பஸ் மாறினேன். மலை வளைவுகளில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணுக்கு வாந்தி. கண்டக்டர் சத்தம்: "ஜன்னலாண்ட குந்துமா, ஜன்னலாண்ட!"

வெள்ளச்சி வாசலில் புளி குவித்து ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமல் கேட்டாள். நான் படித்தேன். 'மல்லிகா' வந்ததும் கை நின்றுவிட்டது.

"யாரு அது மல்லிகா?"

"நீங்கதான். பேரை மாத்தியிருக்கேன். உங்களுக்குத் தொந்தரவு வரக் கூடாதுன்னு."

"இனிமேட்டு இன்னா தொந்தரவு? வர்றதெல்லாம் வந்துடுச்சி. என் பேரே இருக்கட்டும் மேடம்."

"உங்க அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவரைக் கேட்டுட்டேன். ஊருக்கே தெரிஞ்ச கதை, புதுசா இன்னாத்த எழுதப் போறாங்கன்னுட்டாரு."

புத்தகம் வெளியூரிலும் போகும், யார் யாரோ படிப்பார்கள் என்றேன்.

"படிக்கட்டும். வேற பேரு போட்டீங்கன்னா இங்க இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? இது யாரு, அது யாருன்னு நோண்டினே இருப்பாங்க. போன் பண்ணது வெள்ளச்சின்னு இருந்தா அத்தோட முடிஞ்சிடும்."

குரலில் கொஞ்சம் சூடு. பிறகு அவளே சிரித்து, சாமைச் சோறும் குழம்பும் வைத்தாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

என்ன துணிச்சல்! தன் பேரைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அந்த முகத்தில் இருந்தது பெருமை என்றே நினைக்கிறேன்.

மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா பேரைப் போடுங்க ஆன்ட்டி. என்னை மகள்னு மட்டும் எழுதுங்க. போதும்." சரி.

தெரிந்த டீச்சர் வீட்டு மாடியில் தங்கல். போர்வை பத்தாது.

பிப்ரவரி 11

வெயில் அடித்தும் குளிர் போகவில்லை. ஜமுனாமரத்தூரில் சந்தை. தேன் வாங்கினேன். சுத்தமான தேன் என்று கடைக்காரர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறார். வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

திரும்பினால் ஒரு பெண். "நீங்கதானே வெள்ளச்சியப் பத்தி புக்கு எழுதறவங்க?" வெள்ளச்சியின் அண்ணி. அந்தக் கல்யாண மாப்பிள்ளையின் அம்மா. திட்டப் போகிறாள் என்று நின்றேன். தையல் கடைக்குப் பின்னால் ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

"போன் பண்ணது அவ இல்லம்மா. நானு."

எனக்கு முதலில் புரியவில்லை. உங்கள் மகன் கல்யாணத்தையா என்று கேட்டேன்.

"எனக்குக் கட்டிவெச்சப்ப அதே வயசு. மொதப் புள்ள தங்கல. அடுத்ததும் தங்கல. அந்தப் பொண்ணப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த நெனப்புதான். வூட்ல யார்கிட்ட சொல்றது? எங்கம்மாகிட்ட பேசணும்னு வெள்ளச்சி போனை வாங்கினேன். பேசிட்டுக் குடுத்துட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஜீப்புல ஆபீசருங்க வந்து நின்னப்பதான் தெரியும்."

"அப்புறம்?"

"ஊரு கூடிடுச்சி. எவ பண்ணதுன்னு கேக்கறாங்க. பொம்பளைங்களோட நின்னுனு இருக்கேன், தலையத் தூக்கல. அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. பார்த்துட்டு, 'நான்தான்'னு எழுந்து நின்னுட்டா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு:

"எங்க மாமியா செத்தப்ப, பெத்த பொண்ணு அவ, வாசல்ல கூட வுடல. ரோட்டாண்ட நின்னு அழுதுட்டுப் போனா. நான் உள்ள பொணத்தாண்ட குந்தினு இருந்தேன். அன்னிக்குக் கூட அவ வாயத் தொறக்கல."

இப்போது ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்றேன்.

"எழுதிட்டா அழிக்க முடியாதே. ஆனா இதைப் போட்டுடாதீங்க. எங்கூட்டுக்காரரு என்னை வெச்சிக்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான்."

போய்விட்டாள். தேன் பாட்டிலோடு அங்கேயே நின்றிருந்தேன்.

நேற்று நான் பெருமை என்று நினைத்தது பெருமையே இல்லை. தன் பேர் அச்சில் இருந்தால் அண்ணியை யாரும் தேட மாட்டார்கள். அதற்காகத்தான் அந்தப் பிடிவாதம். இப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம்: அத்தியாயத்தை மறுபடி படித்தேன். 'வெள்ளச்சி போனை எடுத்தாள்.' பொய். தெரிந்த பிறகு அச்சிட முடியாது. உண்மையை எழுதினால் ஒரு குடும்பம் போச்சு. அத்தியாயத்தையே எடுத்துவிடலாமா? எடுத்தால் புத்தகத்தில் என்ன மிச்சம்.

பிப்ரவரி 12

மூடுபனி. மூட்டு வலி. மெல்ல நடந்து வெள்ளச்சி வீடு.

"அண்ணி வந்து பார்த்தாங்க" என்றேன்.

புளி உடைக்கிற கட்டையைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டாங்களா?"

"ம்."

"நிறுத்தணும்னு எனக்கும்தான் இருந்துச்சி மேடம். தைரியம் வரல. அழுகைதான் வந்துச்சி. அவங்க, சொந்தப் புள்ள கல்யாணம், நிறுத்தினாங்க. என் பொண்ணு இன்னிக்கு வெள்ளை டிரஸ் போட்டுனு வேலைக்குப் போவுதுன்னா அவங்களாலதான். அந்தப் பழிய நான் சுமந்தா இன்னா?"

"கோவமே வரலையா?"

"வந்துச்சி. எங்கம்மா செத்தப்ப. வெளில வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சி." புளி ஓட்டைக் கையால் ஒதுக்கினாள். "அப்புறம் யோசிச்சேன். ரெண்டு பேரும் ரோட்ல நின்னா யாருக்கு இன்னா பிரயோசனம்?"

அங்கேயே உட்கார்ந்து வரிகளை அடித்தேன், திருத்தினேன். 'யாரோ போன் செய்தார்கள்' என்று முதலில். கூடாது, 'யாரோ' என்றால் தேடுவார்கள். போனை எடுத்த வரியையே நீக்கினேன். கடைசியில் இப்படி: 'போன் செய்தது யார் என்று ஊர் கூடிக் கேட்டது. வெள்ளச்சி எழுந்து நின்று, நான்தான் என்றாள்.'

நடந்தது அதுதான். ஒரு சொல் கூட்டவில்லை. முழு உண்மையும் இல்லை, அது எனக்கு உறுத்தும். உறுத்தட்டும்.

படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

"இதுல பொய் இல்லையே?"

"இல்லை."

"அவங்க மாட்டிக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அப்ப போடுங்க."

பதிப்பாசிரியருக்குப் போன். வெள்ளச்சி பேர் மாறாது, அவளே கேட்டுக்கொண்டது என்றேன். ஊர் பேரையாவது எடுங்கள் என்றார். எடுத்தேன்.

பிப்ரவரி 13

இறங்கும் நாள். பஸ் நிலையத்தில் டீ. வடை ஆறிப்போனது.

வெள்ளச்சி வந்தாள், பக்கத்தில் அண்ணி. இருவரும் சேர்ந்து நடந்து வந்து இன்றுதான் பார்க்கிறேன். எனக்கு ஒரு பை நிறையப் புளி.

அந்த வரியை அண்ணிக்கும் படித்தேன். தலையை ஆட்டினாள். வெள்ளச்சிக்கு நான் முன்பு கொடுத்திருந்த என் பழைய புத்தகம் அண்ணி கையில். கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நன்றின்னு நெறைய பேரு போட்டிருக்கீங்களே. இவங்கல்லாம் இன்னா செஞ்சாங்க?"

"ஒவ்வொருத்தரும் ஒரு உதவி."

"இன்னா உதவின்னு இல்லையே."

"அதை எழுதறதில்லை."

கொஞ்சம் யோசித்தாள். "இப்ப வர்ற புக்குல அப்படி என் பேரு வருமா?"

வரும் என்றேன். வெள்ளச்சிதான் பதறினாள். "அண்ணன் பார்த்துட்டு எதுக்குன்னு கேட்டா?"

"வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தேன்னு சொல்றேன்."

வெள்ளச்சி சிரித்தாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

டிரைவர் ஏறிவிட்டார். தாளையும் பேனாவையும் அவசரமாக எடுத்தேன். அண்ணி பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். இனிஷியல் கேட்டேன். "எங்கப்பாது போடுங்க" என்றாள்.

அச்சுத்தாளில் எழுதிக்கொண்டேன். இங்கே எழுதவில்லை.