பூச்சாண்டிக்குப் பாகற்காய்

ஜூன் 3, 1964

இன்று மூன்று குழந்தைகளை அழ வைத்தேன். மூன்றும் தட்டைக் காலி செய்தன.

குர்லா பட்டறையில் வெல்டிங் வேலை முடித்து, முகமெல்லாம் கரியோடு தாராவிச் சந்துக்குள் நுழைந்தால், வழக்கம்போல முப்பிடாதியம்மாள் வாசலில் நிற்கிறாள். கையில் சோற்றுக் கிண்ணம், இடுப்பில் மகன் பூலோகம். பேர்தான் பூலோகம், ஆள் தீக்குச்சி.

"அண்ணாச்சி, செத்த நின்னு மொறச்சிட்டுப் போங்க. காலைல இருந்து இவன் வாயத் தொறக்க மாட்டேங்கான்."

நின்று முறைத்தேன். மீசையை முறுக்கி, தோளில் கிடந்த சாக்கை உதறி, "எவம்லே அது சோறு திங்காதவன்? பிடிச்சுப் போடு சாக்குல!" என்று ஓர் உறுமல். பூலோகம் மெல்லாமலே விழுங்கினான். அடுத்தது ரோசம்மா வீட்டு இரட்டைப் பெண்கள். அங்கே சாக்குக்குக்கூட வேலையில்லை, மீசையே போதும்.

கூலி ஒரு கிண்ணம் மீன்குழம்பு. பெண்டாட்டி ஊரில், நான் இங்கே மெஸ் சாம்பாரில். ஆண்டவன் கொடுத்த இந்த மூஞ்சி இப்படியாவது நாலு காசு பெறட்டும்.

ஜூன் 9

ரோசம்மா இன்று கூலியாகப் பாகற்காய்ப் பொரியல் கொடுத்தாள். பூச்சாண்டிக்கும் ஒரு தரம் உண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 13

இதே சந்தில் வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது. இங்கே இதற்குக் கோலி என்று பேர். ஒற்றை அறை, தகரக் கூரை. மழை பெய்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டுமாம். பிடித்தால் போகிறது.

பெண்டாட்டி பார்வதியும் மகள் பேராச்சியும் வருகிறார்கள். மச்சான் அய்யாத்துரை கூட்டி வருகிறார். பேராச்சியை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைக்கவில்லை. அப்புறம் லீவு கேட்ட போதெல்லாம் முதலாளி கையை விரித்தார். இப்போது அவளுக்கு நாலு வயது. என் முகம் அவளுக்குப் பிடிக்குமா? கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 21

காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மீசையைச் சீவிக்கொண்டு தாதர் ஸ்டேஷனில் நின்றேன். பேராச்சி இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதான் அப்பாவா?" என்று அம்மாவிடம் கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, தின்றுகொண்டிருந்த முறுக்கைப் பாதியாக ஒடித்து என்னிடம் நீட்டினாள். எச்சில் முறுக்கு, ஈரமாக இருந்தது. பிளாட்பாரத்தில் நின்றே தின்றேன். அழுதும்விட்டேன். மச்சான் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 24

கெட்டது காரியம்.

பழக்க தோஷம். முப்பிடாதி கூப்பிட்டாள், போனேன், சாக்கை உதறி உறுமினேன். இன்று கொஞ்சம் கூடுதலாகவே உறுமினேன், தொழிலில் எனக்கு ஒரு பெருமை உண்டு. திரும்பினால் பூலோகத்துக்குப் பக்கத்தில் பேராச்சி! விளையாட வந்தவளுக்கும் முப்பிடாதி ஒரு வாய் ஊட்டியிருக்கிறாள். அந்தச் சோறு வாயில் அப்படியே நிற்கிறது. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

"ஏளா பேராச்சி, நான் அப்பால்லா!" என்றேன்.

பூலோகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எடுத்துச் சொன்னான்: "ஓங்க அப்பாதான் பூச்சாண்டி. ஒனக்குத் தெரியாதா?"

ஜூன் 25

சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூன் 26

இட்லியும் வேண்டாமாம். பாவ் ரொட்டி வாங்கி வந்தேன். நான் வாங்கி வந்தது என்பதாலேயே அதுவும் வேண்டாம்.

ஜூன் 29

பார்வதி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்து மெல்லக் கேட்டாள். பதில் வந்தது.

"தட்டு வச்சா அவன் வாரான். பூலோகம் வீட்டுல வச்சாங்க, வந்தான். ரோசம்மா அக்கா வீட்டுல வச்சாங்க, அங்கயும் வந்தானாம். எனக்குத் தட்டு வேண்டாம்."

இதில் என்ன தப்பு? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளை கண்ணால் பார்த்ததையும் பூலோகம் சொல்லிக் கேட்டதையும்தானே சொல்கிறாள். நான் பட்டறைக்குப் போனபிறகு ரெண்டு வாய் பால் குடிக்கிறாள், அரைப் பாவ் கொறிக்கிறாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் பல் கிட்டிக்கொள்கிறது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். வெல்டிங்காரனுக்குச் சூடு புதிதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 2

டாக்டர் பார்த்தார். நோய் ஒன்றுமில்லை என்று ஒரு டானிக் கொடுத்தார். கரண்டியைக் கண்டதும் பேராச்சி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று நானே குடித்தேன். நல்ல டானிக். ராத்திரி எனக்கு அகோரப் பசி.

ஜூலை 5

மீசையை எடுத்துவிட்டேன். அரும்பிய நாள் முதல் பிளேடு படாத மீசை. "நெசமாத்தானா?" என்று சவரக் கடைக்காரர் ரெண்டு தரம் கேட்டார். மொழுமொழுவென்று வீட்டுக்குள் நுழைந்தேன். பேராச்சி வீறிட்டாள்.

"அம்மா, பூச்சாண்டி மீசையக் கழட்டி வச்சிட்டு வந்திருக்கான்!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. அந்தக் குரங்கின் முகத்தை நாளைக்குப் பட்டறைக்கு வேறு கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 8

பார்வதி இன்று வாயைத் திறந்தாள்.

"ஊர்ப் பிள்ளைகள எல்லாம் பயங்காட்டி மீன்கொழம்பு குடிச்சியள்லா? இப்போ நம்ம பிள்ள எலும்பும் தோலுமா நிக்கி. ஞாயித்துக்கெழம அண்ணன் ஊருக்குப் போவுது. நானும் பிள்ளையும் கூடப் போறோம்."

பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். போகட்டும், எங்கே இருந்தாலும் பிள்ளை தின்றால் சரி — என்று பெரிய மனுஷன்போல எழுத நினைத்தேன். பொய். போகக் கூடாது. அந்தப் பாதி முறுக்கு எனக்கு வேணும். பாவி மூஞ்சி, இத வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்யட்டும்? கழட்டி வைக்க இது என்ன மீசையா?

ஜூலை 9

இனிமேல் முறைக்க மாட்டேன் என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டேன். "அப்போ எம்பிள்ளைக்கு யாரு அண்ணாச்சி சோறு ஊட்டுவா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் நான்தான் ஊட்டினேனாம்!

ஜூலை 10

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பார்வதி கோபத்தோடு சமைத்தால் பாகற்காய்தான். தட்டை என் முன்னால் டணார் என்று வைத்தாள். பேராச்சி பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். தட்டு வைத்தாயிற்று, பூச்சாண்டி வர வேண்டும். ஆனால் அவன் ஏற்கெனவே தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பிள்ளையின் கணக்கு கொஞ்சம் இடறியது என்று நினைக்கிறேன்.

நான் என் பாட்டுக்குப் பாகற்காயைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினேன்.

"அம்மா," என்று ஒரு ரகசியக் குரல். "அவன் திங்க மாட்டேங்கான்."

"ஆமா. கசக்குதாம் தொரைக்கு."

"அப்போ அவனப் பிடிக்க யாரு வருவா?"

பார்வதிக்கு அப்போது வந்தது கோபமா விளையாட்டா, எனக்குத் தெரியாது. அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "திங்கியளா, இல்ல சாக்குல கட்டிப் போடட்டுமா?"

உள்ளபடியே நடுங்கிவிட்டேன். ரெண்டு துண்டை வாயில் போட்டு, முகம் கோணி, கண் பிதுங்கி விழுங்கினேன். நடிப்பெல்லாம் இல்லை, பாகற்காய் அப்படி.

பெட்டிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பிறகு ஒரு கால் வெளியே வந்தது, இன்னொரு கால் வந்தது. என் சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து எதிரில் நின்று உறுமினாள். அச்சு அசல் என் உறுமல்தான். நான் இன்னொரு துண்டு விழுங்கினேன். அவளுக்குத் திருப்தி.

ஒதுக்கி வைத்ததில் ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தாள். துப்பினாள். அப்புறம் என் தட்டிலிருந்தே ஒரு பிடி சோற்றை அள்ளித் தின்றாள். அப்புறம் இன்னொரு பிடி. பார்வதி ஊட்டிவிட ஓடி வந்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பாதி தரையில் விழுந்தது, பாதி வயிற்றுக்குப் போனது. விழட்டும்.

ஜூலை 12

மச்சான் தனியாக வண்டி ஏறினார்.

ஜூலை 19

பூச்சாண்டியைப் பயமுறுத்தப் பூலோகம் இன்று தன் தட்டோடு வந்துவிட்டான். பின்னாலேயே ரோசம்மாவின் இரட்டைகள். நாலு பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து உறுமுகிறார்கள், நான் கீரை தின்கிறேன். என்னைவிடத் தைரியசாலி என்று காட்ட அவர்களும் தின்கிறார்கள். யாரும் ஊட்டவில்லை, யாரும் அழவில்லை. தரை முழுக்கச் சோற்றுப் பருக்கை.

முப்பிடாதி எட்டிப் பார்த்து அங்கலாய்த்தாள். "நாலு வாய் தின்னுட்டு இவன் போதும்ங்கான் அண்ணாச்சி. நீங்களும் சும்மா இருக்கிய!"

"போதும்னா விட்டுரு தங்கச்சி. வயிறு நெறஞ்ச பொறவு நீ திம்பியா?"

அவளுக்கு மனசே ஆறவில்லை. சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவனைச் சந்து முழுக்கத் துரத்தினாள்.

ஜூலை 27

கீரை. நேற்றும் கீரை. மீன்குழம்புக் காலம் மலையேறிவிட்டது.

ஆகஸ்ட் 5

குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் தண்டவாளத்தில் தண்ணீர். வண்டி ஓடவில்லை. முழங்கால் சேற்றில் நடந்தே வந்தேன். முகத்தில் பட்டறைக் கரி, மூக்குக்குக் கீழே மறுபடி முளைக்கும் முள். இந்தக் கோலத்தில் என்னை நானே சந்தில் கண்டிருந்தால் ஓடியிருப்பேன்.

கோலிக்குள் நாலும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. டிரங்குப் பெட்டி சுவரோரம் கிடக்கிறது, அதன்மேல் தட்டுகள். ஒருவரும் தொடவில்லை. "நீங்க வராமத் திங்க மாட்டோம்னு ஒரே அடம்," என்றாள் பார்வதி.

பேராச்சி எழுந்து வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"எங்க போன பூச்சாண்டி? தட்டு வச்சு எம்புட்டு நேரமாச்சு!"

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். என் தட்டில் பாகற்காய். அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாதியை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"மிச்சத்த நீ அழாமத் தின்னணும் அப்பா, என்ன?" என்றாள்.