கமலாம்பாள் டீச்சர் நடந்து போகும் புதுநகர்

1-5-1966, ஞாயிறு

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். தங்கை புருஷன், மாப்பிள்ளை அரங்கநாதனுக்கு வேலூரிலிருந்து மாற்றல் வரும், அதுவும் நம் செஞ்சிக்கே வரும் என்று தை மாதமே என் பாத்திரக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். "எந்தப் பத்துப் பேரு?" என்கிறாள் விருத்தாம்பாள். பெண்டாட்டிக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டுமாம்! நேற்று என் தங்கை ஜெயத்தின் கடிதம் வந்தது. தாலுகா ஆபீசுக்கே மாற்றல். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வாயில் வருவதெல்லாம் பலிக்கிறதே, இது நல்லதுக்குத்தானா?

உத்தியோகஸ்தர்கள் சங்கம் வைத்து ஊருக்கு வெளியே மனை பிரித்துக் கட்டுகிறார்களே, புதுநகர், அதில் அவர்களுக்கு ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். குடும்பம் இருக்க ஒத்துவருமா என்று நான் பார்த்து எழுதவேண்டுமாம். வேறு யாருக்குத் தெரியும், மனை பார்க்க?

3-5-66

புதுநகர் போனேன். தூக்கிவாரிப் போட்டது.

சங்கத்து ஆபீஸ் வரைபடத்தில் பன்னிரண்டு தெரு, பார்க், வாசகசாலை எல்லாம் பச்சையும் சிவப்புமாக இருந்தன. தரையில் இருப்பது சுண்ணாம்பு அடித்த கற்கள். வீடு ஆறுதான் முடிந்திருக்கிறது. ஆறும் இட்லித் தட்டில் எடுத்ததுபோல ஒரே அச்சு, ஒரே நீலக் கதவு. காவலுக்கு இருக்கிற தனகோட்டியிடம், "பார்க் எங்கப்பா?" என்றேன். "நீங்க நிக்கிற எடந்தாங்க பார்க்கு" என்றான். நான் நின்றது ஒரு பாறைமேல். பக்கத்தில் நாலு ஆடு.

ஆனாலும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ராஜகிரி மலை வாசலுக்கு நேரே நிற்கிறது. 'காற்று என்றால் அப்படி ஒரு காற்று, பட்டணத்து டாக்டர்களே இங்கே வந்து மூச்சு விடுகிறார்கள்' என்று எழுதிப் போட்டேன். பள்ளிக்கூடம் ஒன்றேகால் மைல். அதை மட்டும் உள்ளபடி எழுதினேன். எழுதியிருக்கக் கூடாதோ?

12-5-66

ஜெயத்தின் பதில். படித்துவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

'வீடு எப்படி இருந்தாலும் சரி அண்ணா. சாரதா பெரியவளாயிட்டா. ஒண்ணேகால் மைல் தனியா அனுப்ப மாட்டேன்னு அவரு ஒரே பிடிவாதம். பஜாரில் வாடகைக்கு வீடு கிடைக்காதுன்னு நீயே எழுதிட்ட. புதுநகர் சரிப்படலன்னா, அவரு செஞ்சியில ரூம் எடுத்துக்குவாராம். என்னையும் அவளையும் மாமியார் ஊருல விட்டுடுவாராம். அங்க எட்டாவதுக்கு மேல பள்ளிக்கூடம் கிடையாது. பொண்ணு படிப்பு அதோட போச்சு. பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போக அங்க ஒரு பொம்பளை உண்டா? அதை மட்டும் எழுது.'

கிளாசில் முதல் மார்க் வாங்குகிற பெண். எட்டாவதோடு நிறுத்துவதா? நான் எட்டாவதில் நின்றதே போதாதா இந்தக் குடும்பத்துக்கு?

13-5-66

மறுபடி புதுநகர் போனேன். என்ன அதிர்ஷ்டம்! கமலாம்பாள் டீச்சரைச் சந்தித்தேன். புதுநகருக்குப் பின்னால் மாந்தோப்பில் வீடு. தினமும் இந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் குடை. கண்டிப்பானவர், தெருநாய்கூட எழுந்து நின்றது. "உங்க மருமகளை என் பொண்ணு மாதிரி அழைச்சிக்கிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தார். உடனே ஜெயத்துக்கு எழுதிவிட்டேன்.

விருத்தாம்பாள் கேட்கிறாள்: "இன்னைக்குப் பூரா கடையில தூங்கிக்கிட்டு இல்ல இருந்தீங்க?"

போனது விடியற்காலை. அவளுக்கு எப்படித் தெரியும்?

29-5-66

வந்துவிட்டார்கள். லாரியிலிருந்து சாரதா குதித்தாள், "மாமா, எங்க டீச்சர் எங்க?" என்று. ஜெயம் கையில் ஒரு ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாய். டீச்சருக்காம்.  லீவுக்கு அனந்தபுரம் போயிருக்கிறார் என்றேன்.

2-6-66

மாப்பிள்ளை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காபி கேட்டிருக்கிறார். காபி வந்தது. "சர்க்கரை கம்மி" என்று நிமிர்ந்தால் எதிரே நிற்பது சர்வேயர் வீராசாமியின் மனைவி வள்ளியம்மாள்! சட்டையை விட்டுவிட்டு ஓடிவந்தாராம்.

"இது ஊரா மச்சான்? அவனவன் வீடே அவனவனுக்குத் தெரியல" என்று என்மேல் எரிந்து விழுந்தார். வரைபடத்தை நானா போட்டேன்?

6-6-66

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஜெயமும் சாரதாவும் எட்டு மணியிலிருந்து பத்து வரை ரோட்டோரம் நின்றார்களாம். டீச்சர் வரவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் பாப்பேன் மச்சான். அப்புறம் ரெண்டு பேரையும் எங்க அம்மாகிட்ட அனுப்பிடுவேன்" என்றார் மாப்பிள்ளை.



8-6-66

பகல் பதினொரு மணி. கடை வாசலில் ஜெயம் நிற்கிறாள். தனியாக! வேலூரில் கோவிலுக்குக்கூடத் துணையில்லாமல் போகாதவள். 

"அண்ணா, கமலாம்பாள் டீச்சருக்கு இன்னா வயசு?"

"முப்பத்தஞ்சு."

"லெட்டர்ல நாப்பதுன்னு எழுதின."

"நாப்பது. பாக்க முப்பத்தஞ்சு."

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுதான் வரேன். அப்படி ஒரு டீச்சரே இல்லியாம். மாந்தோப்புல பாத்தேன், மாடுதான் கட்டியிருக்குது."

மாற்றலாகிப் போயிருப்பார், இந்தக் காலத்தில் யாரை எங்கே போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும், என்றேன். கடையில் இரண்டு பேர் அண்டாவைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.  ஜெயம் தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள்.

"சாரதாவைக் கிளாஸ்ல உட்கார வச்சிட்டுதான் வந்தேன்" என்றாள். "உன் குடையைக் குடு."

கொடுத்தேன். போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

9-6-66

இன்றைக்கு அடைந்த அதிர்ச்சிபோல் என்றைக்கும் இல்லை. சாயங்காலம் புதுநகர் போனேன். மாப்பிள்ளை என் எதிரிலேயே கேட்டார், "டீச்சர் வந்தாங்களா?" தலை போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்தாங்களே" என்கிறாள் ஜெயம், கீரை ஆய்ந்துகொண்டே! "ஆனா என்னா வேகமா நடக்கிறாங்க தெரியுமா? சாரதா பின்னாடி நின்னுடுறா. அதனால நானும் கூடவே போயிட்டு வரேன். சாயங்காலமும் அப்படித்தான். டீச்சருக்குக் குடுத்த ஊறுகாய்ல உப்பு கொஞ்சம் தூக்கலாம்."

சாரதா புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் பேசிப் பழகிய எனக்கு அந்த உப்பு தோன்றியிருக்குமா?

17-6-66

நாளைக்கு அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வருகின்றன. கடையிலிருந்து பார்க்கிறேன், ஒரு பஸ்ஸையே கை காட்டி நிறுத்திவிட்டுப் பெண்களை இந்தப் பக்கம் கூட்டி வருகிறாள் ஜெயம். டிரைவர் கத்துகிறான். இவள் குடையால் அவனைச் சும்மா இருக்கச் சொல்கிறாள். என் தங்கையா அது?

பெண்களை என்றா எழுதினேன்? ஆமாம். வள்ளியம்மாளின் இரண்டு மகள்களும் கூட.

25-7-66

இப்போது ஏழு பெண்கள். புதுநகரில் ஒன்பது வீடு ஆகிவிட்டது.

12-8-66

மாப்பிள்ளைக்கு இன்று லீவு. ஜெயத்துக்கு அது தெரியாது, வழக்கம்போலக் கிளம்பிவிட்டாள். கடைக்கு வந்து உட்கார்ந்தவர், "காலையில கமலாம்பாள் டீச்சரைப் பாத்தேன் மச்சான்" என்றார்.

கையில் இருந்த தட்டு கீழே விழுந்து கடை முழுக்க உருண்டது.

"பா...த்தீங்களா?"

"பாறைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். கறுப்புக் குடை. பச்சைச் சேலை. இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கிறாங்க. பின்னாடி ஏழு பொண்ணுங்க. என் பொண்ணு முதல்ல போறா."

இடது கால். சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததிலிருந்து ஜெயம் அப்படித்தான் நடப்பாள். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல டீச்சரு மச்சான். இந்த மாதிரி ஒருத்தங்க இருக்கிற எடத்தை விட்டுட்டுப் போறதா? வீட்டை நிரந்தரமா நாங்களே வச்சிக்கறோம்னு சங்கத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ஜெயத்துகிட்ட நான் பாத்ததைச் சொல்லாதீங்க."

அவர் போய் ஒரு மணி நேரமாகிறது.  புதுநகர் அமோகமாக வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன் என்று நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்லத்தான் போகிறேன். அது வேறு.

இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன். மே பதிமூன்றாம் தேதி நான் புதுநகர் போகவில்லை. கடையில்தான் படுத்திருந்தேன். கமலாம்பாள் என்று ஒரு டீச்சர் இல்லை.