ஹுவேயில் ஆறு ஏறிய வாரம்

அக்டோபர் 9
சைகோனிலிருந்து ரயிலில் ஹுவே வந்தாயிற்று. மழை. விடுதியில் ஆறு பேர் படுக்கும் அறை. எனக்கு மேல் படுக்கை. மற்ற ஐந்தும் வெளிநாட்டுப் பிள்ளைகள். நாற்பத்துமூன்று வயதில் முதுகுப்பையோடு ஏணி ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. ஒருத்தி மட்டும் என்னிடம் துண்டு கேட்டாள். விடுதி வேலைக்காரி என்று நினைத்துவிட்டாள். தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 10
கோட்டைக்குள் நாள் முழுக்க நடை. அரண்மனை வாசலில் ஒரு ஜோடிக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். என்னையும் எடுப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எடுத்து யாரிடம் காட்ட?

அம்மா போன பிறகு சைகோன் வீட்டில் இருக்க முடியவில்லை. படுக்கையில் கிடந்தவளை வருஷக்கணக்காகத் தூக்கி உட்காரவைத்த கை. இப்போது சும்மா இருக்கிறது.

அக்டோபர் 11
இன்று நான் பேசியது இவ்வளவுதான், நூடுல்ஸ் கடையில்: "காரம் கூடப் போடுங்க."

அக்டோபர் 12
ஆறு ஏறிவிட்டது. காலையில் தெருவில், மத்தியானம் கூடத்தில். ரயில் நின்றுவிட்டது. விடுதி நடத்தும் லுவா அக்காவின் கணவர் பக்கவாதத்தில் கீழ் அறையில் படுத்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரியும். அக்கா தனியாக அவரைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்தாள். முட்டிவரை தண்ணீர். நான் அவர் முதுகுக்கு அடியில் கை கொடுத்தேன்.

"விடும்மா, நீ தங்க வந்தவ."

"மேல போய்த் தங்கிக்கிறேன். நீங்க காலைப் பிடிங்க அக்கா."

படியில் பாதி ஏறியதும் அவர் குழறலாகச் சொன்னார்: "இந்த ஊர் ராஜாவைக்கூட இப்படித் தூக்கினதில்ல."

அக்கா சிரித்ததில் மூன்று பேரும் விழப் பார்த்தோம்.

அக்டோபர் 13
மின்சாரம் இல்லை. இரவு அவர் இருமினார். அம்மா என்று எழுந்துவிட்டேன். இருட்டில் நின்றபிறகுதான் — இது எந்த வீடு?

"நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன்" என்றாள் அக்கா.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. தூக்கம் எங்கே வரும்.

அக்டோபர் 15
தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கும் சேறு. பிள்ளைகள் ஐந்து பேரும் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். ஆறு படுக்கை, நான் ஒருத்தி.

அக்டோபர் 16
ரயில் ஓடுகிறதாம். யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷன் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது விலகிவிட்டேன். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

லுவா அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தச் சேத்துல சொல்லாம கொள்ளாம எங்க போய்த் தொலைஞ்ச? அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"மீன் வாங்க."

ஸ்டேஷன் போனதைச் சொல்லவில்லை. அவள் பையை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"நல்லா ஏமாத்திட்டான் உன்னை. சரி, சோறு ஆறுது. உக்காரு."

உட்கார்ந்தேன்.