எதை முதலில் திருப்புவது

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு விழுங்கியாச்சு என்று சாதிக்கிறாள். தம்பி புது வேலைக்குப் போகிறான், சட்டையைத் தேய்க்க மட்டும் இன்னும் ஆள் தேடுகிறான்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எங்கள் செயற்கைக் கை கால் பட்டறையில் புதுப் படிவம் வந்திருக்கிறது. மணிக்கட்டை எத்தனை டிகிரி சுழற்ற வேண்டும், எத்தனை மடக்க வேண்டும், எத்தனை பக்கவாட்டில் சாய்க்க வேண்டும் என்று மூன்று கட்டம், எண்ணைப் போட்டால் தலைமைப் பட்டறை இயந்திரம் அதன்படி பொருத்தி அனுப்பிவிடுமாம். இத்தனை வருஷம் கண்ணால் பார்த்துக் கையால் திருப்பி வைத்தவன், சரி, காலத்தோடு போவோம் என்று அளந்து எழுதினேன். விபத்தில் வலது கை போன ஒரு தையல்காரம்மா, அப்படிப் பொருத்தி வந்த கையை மாட்டிக்கொள்ள இரண்டு பஸ் மாறி வந்தார். மாட்டிப் பார்த்தால், துணியை அழுத்த வேண்டிய உள்ளங்கை மேலே பார்க்கிறது. "என்ன அண்ணே, பிச்சை கேக்குற மாதிரி இருக்கே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேனேஜர், "மூணு நம்பரும் நீங்க எழுதினதுதானே?" என்றார். மறுபடி அளந்தேன், மூன்றும் சரி. நீ காலேஜில் இந்தச் சுழற்சிக் கணக்கைத்தானே நடத்துகிறாய் என்று உனக்குப் போன் செய்தேன். "இதையெல்லாம் போட்டு மண்டைய குழப்பிக்காதீங்கப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ஆத்திரத்தில் வருகைப் பதிவேட்டை அட்டை மேலே தெரிய மேசையில் படுக்கப் போட்டேன். முதலில் அட்டை என்னைப் பார்க்க நிமிர்த்தி, பிறகு இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பினால், அது நின்றபடி வலப்பக்கம் பார்த்தது. முதலில் திருப்பிப் பிறகு நிமிர்த்தினால், பக்கவாட்டில் படுத்து என்னைப் பார்த்தது. அளவு அதேதான், வரிசைதான் மாறியது. மேனேஜரை இழுத்துவந்து காட்டினேன். "அட!" என்றவர் தலைமைப் பட்டறைக்குப் போன் போட்டு விசாரித்தார். அங்கே முதலில் மடக்கிப் பிறகு சுழற்றுகிறார்களாம், நான் சுழற்றிவிட்டு மடக்குகிறவன். மூன்று எண் கேட்டவர்களுக்கு எது முதலில் என்று கேட்கத் தோன்றவில்லை.

திருகைக் கழற்றி நானே கையால் திருப்பிப் பொருத்தினேன். தையல்காரம்மா துணியை அழுத்திப் பிடித்து ஒரு தையல் நேராக ஓட்டினார், உடனே இன்னொன்றும் ஓட்டினார். அந்த நிறைவோடு வீட்டுக்கு வரவிட்டார்களா? தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்துண்ணே" என்கிறார் மேனேஜர். போட மாட்டேன் என்று வந்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி கேட்பார்.

நான் சொன்னால் பட்டறைக்காரன் பேச்சு. எண்ணோடு எது முதலில் என்ற வரிசையும் வேண்டும் என்று நீ உன் காலேஜ் தாளில் நாலு வரி எழுதி அனுப்பு, என் மானத்துக்காக இல்லை, இன்னொருத்தர் அப்படிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கோபத்தில் எழுதியதை மனசில் வைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நீடு வாழ வேண்டும். அந்தத் தாள் திங்களுக்கு முன்னால் வந்துசேர வேண்டும், மறந்துவிடாதே.

உன் பதிலுக்காகப் பேனாவை மூடி வைத்திருக்கும்,
அப்பா