நான் கீழே ஊற்றிய தேநீர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதும் கடிதம். அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீ அந்தக் குளிர்க் கிடங்கில் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் வேலை செய்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரே போன். நான் பேசும்போதும் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதோடு, போனைக் காதில் வைத்தால் எனக்கு "ம்" தவிர வேறு எதுவும் வராது. உன்னிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று நீயே சலித்துக்கொண்டிருக்கிறாய். தாளில் எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்தி ஊருக்கு ஏரி பார்க்கப் போனோம் என்றுதானே உனக்குத் தெரியும்? அங்கே அம்மாவுக்கு ஒரு துணை அமைவதாக இருந்தது. அதை நான் கெடுத்துவிட்டேன். படித்ததும் தாளைக் கசக்காதே. முழுவதும் படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

எனக்கு எதுவும் தெரியாது. சித்தி போனில் கூப்பிட்டு, மூன்று நாள் லீவு போட்டு வாங்க என்றாள். சின்னவளுக்கும் ஒரு நல்ல துணியாக எடுத்து வை என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ரயிலை விட்டு இறங்கியதுமே சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, "நம்ம வீட்டுக்கும் நல்ல காலம் வருதுடி" என்றாள். எனக்கு வயது பதினேழு. நான் வேறு என்ன நினைப்பேன், சொல்.

சித்தி வீடு படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் டீசலும் பாசியும் கலந்த வாசனை. ஆனால் அந்த ஜன்னல் முழுக்க ஏரிதான். நடுவில் ஒரு வெள்ளை மாளிகை, தண்ணீரிலேயே உட்கார வைத்த மாதிரி. சித்தப்பா துறையில் டிக்கெட் கொடுக்கிறார் அல்லவா, அவருடைய சிநேகிதர் ஒருவர் எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வந்தார். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும். மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறதாம். புதுச்சட்டை போட்டிருந்தார். பெட்டியில் இருந்த மடிப்பு அப்படியே இருந்தது, காலருக்கு அடியில் ஒரு குண்டூசிகூட எடுக்கப்படாமல் இருந்தது. தையல் கடையில் வேலை செய்பவள் கண்ணில் அது படாமல் போகுமா? அவருடைய அக்கா மகனும் துறையில்தான் வேலை என்று சித்தப்பா பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பையனுக்காக என்னைப் பார்க்க மாமனை அனுப்பியிருக்கிறார்கள்!

அன்று முழுவதும் உம்மென்று இருந்தேன். முதலில் கரையில் இருக்கும் பெரிய அரண்மனைக்குப் போனோம். வாசல்கள் எல்லாம் குட்டை. எதிரி உள்ளே வந்தாலும் தலை குனிந்துதான் வர வேண்டும், அப்போதே வெட்டிவிடலாம் என்று வழிகாட்டி சொன்னார். எங்களைக் கூட்டி வந்தவர் நல்ல உயரம், ஒவ்வொரு வாசலிலும் குனிந்து குனிந்து வந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டவில்லை. கண்ணாடித் துண்டுகள் பதித்த ஓர் அறை இருந்தது. அங்கே நின்றால் நம் முகம் நூறாகத் தெரியும். நூறிலும் நான் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நல்ல துணியை எடுத்து வந்தும் நான் அதைப் போடவில்லை. கடைக்குப் போட்டுப் போகும் சாயம் போன சுடிதாரையே இரண்டு நாளும் போட்டேன். அம்மா அந்த நீலப் புடவை கட்டியிருந்தாள், நீ முதல் சம்பளத்தில் வாங்கியது. அதைக் கூட நான் யோசிக்கவில்லை பார்.

மறுநாள் மோட்டாரே இல்லாமல் பீய்ச்சும் நீரூற்றுத் தோட்டம் பார்த்துவிட்டுப் படகில் போனோம். அவரே ஓட்டினார். அவருக்கு இடது காது கேட்காது. எஞ்சின் பக்கத்திலேயே முப்பது வருடம் இருந்தால் அப்படித்தான் ஆகுமாம். என்ன படித்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். எட்டோடு நின்றாயிற்று என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். மேலே படிக்க ஆசை இருக்கிறதா என்று கேட்டார். பெண்ணைச் சோதிக்கிறாரா என்று எரிச்சலாக வந்தது, பதில் சொல்லவில்லை. பிறகு அம்மாவிடம் ஒரு கதை சொன்னார். ஒரு சுற்றுலாக்காரர் இந்த ஏரியை எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்டாராம். தண்ணீர் தூங்கினதும் மூடிவிடுவோம் என்று இவர் சொல்ல, அவர் அதைக் குறித்துக்கொண்டாராம். அம்மா சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அப்படி நான் பார்த்தே ஞாபகம் இல்லை.

மாளிகையைச் சுற்றி வரும்போது அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அச்சகத்தில் வேலை செய்தது, கைரேகையில் மை போகாமலே இருந்தது, கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லாம். நடு ஏரியில் படகு நின்றுவிட்டது. எஞ்சின் கெட்டுவிட்டது, நல்ல பழுது பார்ப்பவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா பேசி முடிக்கும்வரை அவர் வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. அது கெடவே இல்லை அண்ணா. அம்மா பேசுவது கேட்கவில்லை என்று நிறுத்தியிருக்கிறார். இது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் மலைமேல் இருக்கும் பாழடைந்த மாளிகைக்குப் போனோம். ஊரும் ஐந்தாறு ஏரிகளும் கீழே தட்டில் வைத்த மாதிரி தெரிந்தன. அவர் மூன்று கோப்பைத் தேநீர் வாங்கி வந்தார். எனக்குக் கொடுத்ததை, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் மண்ணில் ஊற்றினேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. கடையில் ஊசி கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். அவர் தன் கோப்பையைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அம்மா ஊரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மூன்றாம் நாள் நீண்ட மதில் உள்ள கோட்டைக்கு எல்லோரும் போவதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா குளிக்கப் போனதும் சித்தி என் கையைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குள் உட்கார வைத்தாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று அழுதேன். சித்தி பிடித்திருந்த என் கையை விட்டாள்.

"உனக்கா? உனக்கு என்னடி இப்ப அவசரம்? உங்க அம்மாவுக்குடி பார்த்தோம்."

ராத்திரி அவர் வந்து சித்தப்பாவிடம் பேசிவிட்டுப் போனாராம். சித்தி அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "குழந்தைங்க மனசு கஷ்டப்பட்டு எனக்கு ஒரு குடும்பம் வேணாங்க. அவங்களை நிம்மதியா இருக்க விடுங்க."

அம்மாவுக்கும் இது தெரியும். கோட்டையில் அம்மா எங்களுக்கு முன்னால் தனியாக மதில்மேல் நடந்துகொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்தவள், அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூடக் கால் வலி என்று சொல்லவில்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "ஊரைப் பார்த்தாச்சு, போதும்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்த மறுநாளே தைலம் வாங்கி வரச் சொன்னாள்.

அப்பாவை மறந்துவிட்டாளா என்று நீ கேட்பாய். சமையலறையில் உட்கார்ந்தபோது எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் நீ போய் நாலு வருடம் ஆகிறது. நான் கடையிலிருந்து வர ஏழு மணி. அம்மா வேலை முடிந்து மூன்று மணிக்கே வந்துவிடுகிறாள். அந்த நாலு மணி நேரம் என்ன செய்வாள் என்று நான் கேட்டதே இல்லை. போன வாரம் கடையில் மின்சாரம் போய்ச் சீக்கிரம் வந்தேன். டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் குரல் கேட்கட்டும் என்று போட்டேன் என்றாள். நானும் ஒரு நாள் எங்காவது போய்விடுவேன் அண்ணா. அப்போது?

உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. அதற்குக் காத்திருக்க முடியாமல் அவருக்கு நேற்றே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். எனக்கு வரன் பார்க்கிறார்கள் என்று தப்பாக நினைத்துத்தான் அப்படி நடந்துகொண்டேன், அம்மாவுக்கு என்று தெரிந்திருந்தால் அந்தத் தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்திருப்பேன் என்று எழுதினேன். மேலே படிக்க ஆசை இருக்கிறது என்றும் எழுதினேன், கேட்டாரே என்று. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஆனால் அவர் குழந்தைங்க என்று சொன்னது நம் இரண்டு பேரையும். ஒருத்தி எழுதிவிட்டாள். சித்தப்பாவின் டிக்கெட் அறை முகவரியை உறைக்குள் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அங்கே போட்டால் அவர் கைக்குப் போய்ச் சேரும். நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்றுதான் நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். எனக்காக ஒன்றே ஒன்று செய். அம்மாவிடம் நீயே கேள். இந்த வயதில் எனக்கென்ன, நீங்கள் இரண்டு பேரும் நல்லா இருந்தால் போதும் என்பாள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. மறுபடியும் கேள்.

அன்புடன்,
உன் தங்கை